சிவப்புக் கோடு வருகிறது, திருத்தம் வரவில்லை: தண்ணீர்ப் பந்தல் செயலாளர் ஐயாவுக்கு ஒரு பதில்

ஐயா, வணக்கம். நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும்.

பினாங்கில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் குழு ஒன்றுக்கு நீங்கள் செயலாளர், ஆசிரியராக இருந்தவர். மாநகர் மன்றத்துக்கு மலாயில், நன்கொடையாளர்களுக்கு ஆங்கிலத்தில், தொண்டர்களுக்குத் தமிழில் என்று மூன்று மொழியிலும் கடிதம் போகிறது. மடிக்கணினி பழுதாகி, கடையில் கொடுத்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றி வாங்கியபின் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் மூன்று தொல்லை. சொல்லின்மேல் ரைட் கிளிக் செய்தால் கட், காப்பி, பேஸ்ட் மட்டும் வருகிறது, திருத்தச் சொற்கள் வருவதில்லை. சில கடிதங்களில் பிழைக்குச் சிவப்புக் கோடு விழுகிறது, சிலவற்றில் எத்தனை பிழை இருந்தாலும் விழுவதில்லை. தமிழில் தட்டினால் 'வணக்கம்' தொடங்கி எல்லாமே சிவப்பு. கூடவே, விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற லினக்ஸ் ஓடும் மகளின் கணினியில் மெனு மின்னி மறைகிறது, பொருளாளர் மின்னஞ்சலுக்குப் பயன்படுத்தும் அவுட்லுக்கிலும் ஏதோ கோளாறு. "மவுஸை மாற்றிப் பார்த்துவிட்டேன் தம்பி, சரியாகவில்லை" என்று முடித்திருந்தீர்கள்.

மவுஸை வாங்கிய கடையில் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். அதன்மேல் தப்பு இல்லை. கட், காப்பி, பேஸ்ட் வருகிறது என்றாலே மவுஸ் தன் வேலையைச் செய்துவிட்டது. மெனுவே வராதவர்களுக்குத்தான் மவுஸ்மேல் சந்தேகம் வர வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளவும் புது மவுஸ் வாங்க வேண்டியதில்லை. கர்சரைச் சொல்லுக்குள் வைத்துவிட்டு ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு எஃப்10 பொத்தானைத் தட்டினால் அதே மெனு விசைப்பலகை வழியாக வரும். விசைப்பலகையில் வருகிறது, மவுஸில் வரவில்லை என்றால் மவுஸ். இரண்டிலும் வரவில்லை என்றால் மென்பொருள். பயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்துக்குக் கணினி பார்த்துக் கொடுக்கிறேன். அங்கே மாதம் இரண்டு பேராவது இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் புது மவுஸ் கேட்டு வருவார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ரைட் கிளிக் மெனு என்பது எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் பட்டியல் அல்ல. நீங்கள் சொடுக்கும் நொடியில், அம்புக்குறிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று மென்பொருள் நினைக்கிறதோ அதற்கு ஏற்றாற்போல் அது கட்டப்படுகிறது. படத்தின்மேல் சொடுக்கினால் ஒன்று, இணைப்பின்மேல் வேறொன்று, பிழையான சொல்லின்மேல் இன்னொன்று. ஆகவே திருத்தச் சொற்கள் வரவில்லை என்றால் மெனு கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. அந்தச் சொல்லைப் பிழை என்று தண்டர்பேர்ட் நினைக்கவே இல்லை. மெனுவைச் சரிசெய்யப் போகாதீர்கள். ஏன் நினைக்கவில்லை என்று தேடுங்கள்.

முதல் காரணம் மிக எளியது. அகராதியே இல்லாமல் இருப்பது. புதுக் கடிதம் ஒன்றைத் திறந்து, வெற்று இடத்தில் ரைட் கிளிக் செய்து, 'லாங்குவேஜஸ்' என்ற வரியைப் பாருங்கள். அதற்குள் மொழிப் பெயர்கள் இருந்தால் அகராதி இருக்கிறது. எது டிக் ஆகியிருக்கிறது என்றும் தெரியும். அகராதி சேர்க்கச் சொல்லும் 'ஆட் டிக்ஷனரீஸ்' மட்டும்தான் கண்ணில் படுகிறது என்றால் ஒன்றும் இல்லை. அதையே சொடுக்கிச் சேர்த்துக்கொள்ளலாம். தண்டர்பேர்ட் விண்டோஸின் அகராதியை எட்டிப் பார்ப்பதில்லை, தனக்கென்று தனியாக ஏற்றிய அகராதியைத்தான் பார்க்கும். அதனால் "வேர்டில் எல்லாம் சரியாக வருகிறதே" என்பது இங்கே சாட்சி ஆகாது.

எந்த ஆங்கிலத்தைச் சேர்க்கிறோம் என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலும் கடைக்காரர்கள் ஏற்றித் தருவது அமெரிக்க ஆங்கிலப் பதிப்பு. அதில் அமெரிக்க அகராதிதான் இருக்கும். நாம் பள்ளியில் படித்தது பிரிட்டிஷ் எழுத்துமுறை. 'கலர்' என்பதில் யு போட்டால் சிவப்பு, 'சென்டர்' ஆர்இ என்று முடிந்தால் சிவப்பு. நீங்கள் முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியது எல்லாம் தப்பு என்று ஒரு மென்பொருள் சொன்னால் கோபம் வராதா? யுனைடெட் கிங்டம் ஆங்கிலத்தைச் சேர்த்து, அமெரிக்கனின் டிக்கை எடுத்துவிடுங்கள். கடிதச் சாளரத்தின் கீழ்ப்பட்டையில் வலது ஓரத்தில் இப்போது எந்த மொழி நடப்பில் இருக்கிறது என்று சின்ன எழுத்தில் தெரியும். அதைச் சொடுக்கியும் மாற்றலாம்.

அப்புறம் செட்டிங்ஸில் 'கம்போசிஷன்' பகுதிக்குப் போய், தட்டும்போதே எழுத்துப்பிழை பார்க்கும் வரிக்கு டிக் இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக ஏற்றிய கணினிகளில் அகராதி இருந்தும் இது அணைந்து கிடப்பதைக் கண்டிருக்கிறேன். பக்கத்திலேயே அனுப்புமுன் சரிபார்க்கும் வரியும் இருக்கும். அது வேறு, இது வேறு. ஒன்று இருந்து மற்றொன்று இல்லாமல் இருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரைட் கிளிக் செய்வதற்கு முன் சொல்லை இழுத்துத் தேர்வு செய்ய வேண்டாம். நம்மில் பலருக்கு அந்தப் பழக்கம் உண்டு, முதலில் நீலமாக்கிவிட்டுத்தான் சொடுக்குவோம்.  சிவப்புக் கோட்டின்மேல் நேராகச் சொடுக்குங்கள், போதும்.

இரண்டாவது தொல்லைதான் சுவையானது. சில கடிதத்தில் வேலை செய்கிறது, சிலவற்றில் இல்லை. இதைப் படித்ததும் உங்களுக்கு ஒரு வரி எழுதிக் கேட்டேன்: போன வருடக் கடிதத்தை என்ன செய்து இந்த வருடக் கடிதம் ஆக்குகிறீர்கள்? நீங்கள் சொன்ன பதில்: "சென்ட்டில் போய்ப் பழையதை எடுத்து, ஃபார்வர்ட் போட்டு, தேதியையும் பேரையும் மாற்றி அனுப்பிவிடுவேன்." அங்கேதான் இருக்கிறது முடிச்சு.

தண்டர்பேர்ட் ஒரு கடிதத்தில் உங்கள் எழுத்து எது, பிறர் எழுத்து எது என்று பிரித்து வைத்திருக்கிறது. பதில் எழுதும்போது கீழே ஓரத்தில் கோடு போட்டு வரும் மேற்கோள், ஃபார்வர்ட் செய்யும்போது உள்ளே வரும் பழைய கடிதம், கடைசியில் வரும் கையொப்பம் ஆகிய மூன்றையும் அது சரிபார்க்காது. நினைத்துப் பார்த்தால் நியாயம்தான். எதிர்த்தரப்பின் எழுத்துப்பிழையை நமக்குச் சிவப்பாகக் காட்டி என்ன பயன்? ஆனால் நீங்கள் ஃபார்வர்ட் செய்த உடலுக்குள்ளேயே உட்கார்ந்து புதுக் கடிதத்தை எழுதுகிறீர்கள். அது உங்கள் எழுத்து என்று அதற்கு எப்படித் தெரியும்?

நம்பாவிட்டால் சோதித்துப் பாருங்கள். பழைய கடிதம் ஒன்றை ஃபார்வர்ட் செய்யுங்கள். 'ஃபார்வர்டட் மெஸேஜ்' என்று கோடு போட்ட வரி ஒன்று இருக்கும். அதற்கு மேலே கர்சரை வைத்து, ஆங்கிலத்தில் 'ரிசீவ்' என்ற சொல்லை வேண்டுமென்றே இ, ஐ இடம் மாற்றித் தட்டி இடைவெளி விடுங்கள். சிவப்பு விழும். அதே தப்பான சொல்லை அந்த வரிக்குக் கீழே, பழைய கடிதத்தின் நடுவில் தட்டுங்கள். ஒன்றும் விழாது. அதன்மேல் ரைட் கிளிக் செய்தால் கட், காப்பி, பேஸ்ட். உங்கள் முதல் தொல்லையும் இரண்டாவது தொல்லையும் பாதிக்கு மேல் ஒன்றுதான் என்பது அப்போது தெரியும்.

மாற்று வழி: பட்டியலில் பழைய கடிதத்தின்மேல் ரைட் கிளிக் செய்து 'எடிட் ஆஸ் நியூ மெஸேஜ்' கொடுங்கள். கடிதம் அப்படியே புதியதாகத் திறக்கும், ஃபார்வர்ட் தலைப்பு வராது. மாநகர் மன்ற அதிகாரிக்குப் போன வருடம் யார் யாருக்கு அனுப்பினீர்கள் என்ற விவரமும் போகாது. ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் பல வருடமாக ஃபார்வர்டின்மேல் ஃபார்வர்ட் போட்டு வந்திருந்தால், அந்தப் பழைய கடிதத்தின் உள்ளேயே 'இது ஃபார்வர்ட் செய்த பகுதி' என்ற மறைவான உறை ஒட்டிக்கொண்டு இருக்கும். புதியதாகத் திறந்தாலும் உறை போகாது, சிவப்புக் கோடும் வராது. அதற்கு ஒரே வழி, எழுத்தை முழுவதும் காப்பி செய்து, வெறுமையான புதுக் கடிதத்தில் கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தி ஒட்டுவது. வடிவம் எதுவும் இல்லாமல் வெறும் எழுத்து மட்டும் வந்து உட்காரும். தடித்த எழுத்து, அடிக்கோடு போயிருக்கும், அதை மீண்டும் போட்டுக்கொள்ளுங்கள். முடித்ததும் டெம்ப்ளேட்டாக, அதாவது மாதிரிக் கடிதமாகச் சேமித்து வைத்துவிட்டால் அடுத்த வருடத்துக்கும் ஆயிற்று. மலாய், ஆங்கிலம், தமிழ் என்று மூன்று டெம்ப்ளேட்.

மலாய்க் கடிதத்துக்குத் தனியாக ஒரு வார்த்தை. அகராதிப் பட்டியலில் இந்தோனேசிய மொழி இருக்கிறதே, கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று யாராவது அதைச் சேர்த்துவிடப் போகிறார்கள். வேண்டாம். நாம் 'கெரானா' என்று எழுதுவதை அது தப்பு என்று கோடு போட்டு 'காரெனா' என்று திருத்தச் சொல்லும். 'வாங்' என்பதற்கு 'உவாங்' கேட்கும். அரசாங்க அலுவலகத்துக்குப் போகும் கடிதத்தில் அது வந்து நின்றால் பார்ப்பவர் சிரிப்பார். மலாய் அகராதி கிடைத்தால் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மலாய்க் கடிதம் எழுதும்போது சரிபார்ப்பை அணைத்துவிட்டு, நன்றாக மலாய் தெரிந்த ஒருவரை ஒரு முறை படிக்கச் சொல்வதே மேல்.

இனி தமிழ்.

'வணக்கம்' சிவப்பாக வருவதில் உங்களுக்கு வருத்தம் தெரிந்தது. அது உங்கள் பிழை அல்ல என்பது உங்களுக்கே தெரியும். ஆங்கில அகராதியை வைத்துக்கொண்டு தமிழைப் பார்த்தால் எந்தச் சொல்லும் அந்தப் பட்டியலில் இருக்காது, எல்லாம் சிவப்புதான். நீளமான கூட்டக் குறிப்பு எழுதினால் இன்னொரு வேடிக்கை நடக்கும். குறிப்பின் முன்பாதி எல்லாம் சிவப்பு, பின்பாதியில் கோடே இல்லை. முன்பாதியைத் தப்பாக எழுதிவிட்டுப் பின்பாதியில் சுதாரித்துக்கொண்டோம் என்று பொருள் இல்லை. ஒரு கடிதத்தில் 500 பிழைவரைதான் கோடு போடுவது என்று உள்ளே ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். தமிழுக்கு அது இரண்டு மூன்று பக்கத்தில் தீர்ந்துவிடும்.

இதே தமிழை குரோம் உலாவியில் தட்டினால் சிவப்பு வராது. பலர் அதைப் பார்த்து "குரோமுக்குத் தமிழ் தெரிகிறது" என்கிறார்கள். ஆங்கிலம் மட்டும் டிக் ஆகியிருக்கும்போது வேறு எழுத்தில் இருக்கும் சொற்களை அது தாண்டிப் போய்விடுகிறது, அவ்வளவுதான். பிழையோடு தட்டிப் பாருங்கள், அப்போதும் ஒன்றும் சொல்லாது.

தமிழ் அகராதி ஒன்றைச் சேர்த்தால் தீராதா என்றால், ஓரளவு தீரும். தண்டர்பேர்ட், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரெஆஃபீஸ் எல்லாவற்றிலும் பிழை பார்ப்பது ஹன்ஸ்பெல் என்ற ஒரே பொறி. பெயரிலேயே இருக்கிறது, ஹங்கேரிய மொழிக்காக எழுதியது. அந்த மொழியும் நம்முடையதைப் போலவே சொல்லின் வாலில் விகுதிமேல் விகுதியாக ஒட்டிக்கொண்டு போகும் மொழி. ஆகவே பொறிக்குச் சக்தி இல்லை என்று சொல்ல முடியாது. அதற்குக் கொடுக்கும் சொற்பட்டியலும் விதிப்பட்டியலும் தமிழுக்கு எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்பதுதான் கேள்வி. 'பள்ளிக்கூடம்' பட்டியலில் இருக்கும். 'பள்ளிக்கூடத்திலிருந்துதான்' வேண்டுமென்றால் அத்து, இல், இருந்து, தான் என்று நாலு அடுக்கு விதி சரியாக அமைய வேண்டும். நீங்கள் தமிழ் கற்பித்தவர், சாரியை என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓர் அடுக்கு தவறினாலும் சரியான சொல்லுக்குச் சிவப்பு. சந்தி சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. தப்பான இடத்தில் வந்த சரியான சொல்லை எந்தச் சொற்பட்டியலும் பிடிக்காது. எங்கள் வட்டாரப் பள்ளி ஒன்றின் விழா அழைப்பில், எல்லாரும் பார்த்து முடித்து அச்சுக்கும் போய்வந்தபின், 'பல்லி மேலாளர் வாரியம்' என்று இருந்தது. பல்லியும் நல்ல தமிழ்ச் சொல்தான், அகராதி ஏன் கோடு போடப் போகிறது? தலைமையாசிரியருக்குச் சிரிப்பு வரவில்லை, எங்களுக்கெல்லாம் வந்தது.

என் யோசனை இதுதான். தமிழ்க் கடித டெம்ப்ளேட்டில் எழுதும்போது கீழ்ப்பட்டையில் மொழியைத் தமிழாக்குங்கள். தமிழ் அகராதியில் பாதிச் சொல் சிவப்பாக வந்து கண்ணை உறுத்தினால், அந்தக் கடிதத்துக்கு மட்டும் ரைட் கிளிக் மெனுவில் 'செக் ஸ்பெல்லிங்' டிக்கை எடுத்துவிடுங்கள். எழுதி முடித்தபின் நீச்சல்காரன் உருவாக்கிய 'வாணி' பிழைதிருத்தியில் ஒட்டிப் பாருங்கள். சந்திக்கு அவருடையதே 'நாவி' இருக்கிறது. இரண்டும் இணையத்தில் இலவசம். சொல்லைப் பிரித்துப் பார்க்கும் விதத்தில் தமிழுக்கென்றே செய்தவை. அவையும் தப்பான இடத்தில் கைவைக்கும், உங்கள் கண்ணுக்கு மேல் அவை இல்லை. நன்கொடைத் தொகை, வங்கிக் கணக்கு எண் இருக்கும் பகுதியை மட்டும் எந்த இணையக் கருவியிலும் ஒட்டாதீர்கள்.

தமிழில் இன்னொரு மர்மம் உண்டு. கண்ணுக்கு மிகச் சரியாக இருக்கும் சொல், அகராதியிலும் இருக்கும் சொல், ஆனால் சிவப்பாகவே நிற்கும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி எடுத்த கடிதங்களில் இது அதிகம். முரசு அஞ்சல் தொடங்கி எத்தனையோ எழுத்துரு, எத்தனையோ குறியீட்டு முறை பார்த்தாயிற்று நாம். இப்போது எல்லாரும் பயன்படுத்தும் குறியீட்டு முறையான யுனிகோடில் 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என்று இரண்டாக உடைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். சில மாற்றிகள் இரண்டாக உடைத்து வைத்துவிடுகின்றன. கண்டுபிடிக்க வழி: 'கொ'வுக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒரே ஒரு முறை தட்டுங்கள். 'க' மட்டும் மிஞ்சினால் ஒரே குறியீடு. 'கெ' மிஞ்சினால் உடைந்த எழுத்து. அதை அழித்துவிட்டுக் கையால் மறுபடி தட்டினால் சரியாகிவிடும். 'கௌ'வின் சிறகுக்குப் பதில் 'ள' போட்டிருப்பது, காலுக்குப் பதில் 'ர' போட்டிருப்பது எல்லாம் இதே இனம். ஒரு சொல்லை மூன்று முறை படித்தும் பிழை தெரியவில்லை என்றால் அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டிவிடுவது, தேடிக்கொண்டிருப்பதைவிட வேகம்.

பெயர்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் ஊர்ப் பெயர்களை ஆங்கில அகராதி எங்கே அறியும்? முனியாண்டி, லெட்சுமி, முனுசாமி எல்லாம் சிவப்பு. நிறுவனப் பெயருக்குப் பின்னால் வரும் சென்டிரியான் பெர்ஹாட் சுருக்கமும், தெருப்பெயரில் வரும் லெபுவும் ஜாலானும் சிவப்பு. ரைட் கிளிக் செய்து 'ஆட் டு டிக்ஷனரி' கொடுத்தால் அடுத்த முறை கோடு வராது. ஆனால் நிதானமாகச் செய்யுங்கள். அவசரத்தில் ஒரு பிழையான சொல்லைச் சேர்த்துவிட்டால் அதன்பின் அந்தப் பிழையை அது காட்டிக்கொடுக்காது. உடனே தெரிந்துவிட்டால் அதே மெனுவில் அதைத் திரும்பப் பெறும் வரி இருக்கும். நாள் கழித்துத் தெரிந்தால், சரிபார்ப்புப் பெட்டியைத் திறந்து அதில் 'பெர்சனல் டிக்ஷனரி'க்குப் பக்கத்தில் இருக்கும் 'எடிட்' பொத்தானில் போய் நீக்கலாம். அனுப்புமுன் வரும் பெட்டியில் 'ரிப்ளேஸ் ஆல்' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, நன்கொடையாளர் பட்டியல் இருக்கும் கடிதத்தில் அதை மட்டும் தொடவே தொடாதீர்கள்.

முன்பு சேர்த்து வைத்த பெயர்களெல்லாம் போய்விட்டதே என்றீர்கள். புதிதாக ஏற்றியபோது தண்டர்பேர்ட் உங்கள் அமைப்புகளையெல்லாம் வைத்திருக்கும் பழைய சுயவிவரக் கோப்புறை (ப்ரொஃபைல் ஃபோல்டர்) விட்டுப்போயிருக்கும். பழைய வட்டின் நகல் உங்களிடம் இருந்தால் அதில் அந்தக் கோப்புறைக்குள் பெர்ஸ்டிக்ட் என்ற பெயரில் ஒரு சின்னக் கோப்பு இருக்கும். நோட்பேடில் திறக்கலாம், வரிக்கு ஒரு சொல். உதவி மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் தகவல் பக்கத்தைத் திறந்து, ப்ரொஃபைல் ஃபோல்டர் என்ற வரிக்குப் பக்கத்துப் பொத்தானைத் தட்டினால் இப்போதைய கோப்புறை திறக்கும். தண்டர்பேர்டை முழுவதும் மூடிவிட்டு, பழைய கோப்பை அங்கே போடுங்கள். நோட்பேடில் திருத்திச் சேமித்தால் எழுத்துக் குறியீட்டு முறை (என்கோடிங்) யுடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேறு முறையில் சேமித்தால் நீங்கள் சேர்த்த தமிழ்ச் சொற்கள் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

இவ்வளவு செய்தும் மெனு ஒழுங்காக வராவிட்டால் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டே தண்டர்பேர்டைத் திறங்கள். ட்ரபிள்ஷூட் மோட் என்று கேட்கும். அதில் ஆட்-ஆன்கள் எனப்படும் கூடுதல் இணைப்பு நிரல்கள் எல்லாம் ஒதுங்கி நிற்கும். அங்கே சரியாக வந்தால் ஏதோ ஓர் ஆட்-ஆன் மெனுவில் கைவைக்கிறது. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் அகப்பட்டுவிடும். கடைக்காரர்கள் கேட்காமலே ஒன்றிரண்டைப் போட்டு அனுப்புவது உண்டு.

பொருளாளரின் அவுட்லுக் பற்றிச் சுருக்கமாக. பழைய அவுட்லுக் என்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில் என்று போய், ஸ்பெல்லிங் பொத்தானுக்குப் பக்கத்தில் பதிலிலும் ஃபார்வர்டிலும் உள்ள பழைய எழுத்தைப் பார்க்காமல் விடும் வரிக்கு டிக் இருக்கும். தண்டர்பேர்டின் அதே கதை, இங்கே மட்டும் அணைக்கலாம். அதையும் தாண்டிச் சரிவரவில்லை என்றால் எழுத்து முழுவதையும் தேர்வு செய்து, ரெவ்யூ பட்டையில் லாங்குவேஜ் பகுதிக்குப் போய் அந்த எழுத்துக்கு எந்த மொழி குறித்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தமிழ் விசைப்பலகைக்கு மாறித் தட்டிவிட்டு ஆங்கிலத்துக்குத் திரும்பியவர்களுக்கு, ஆங்கில வாக்கியத்துக்கும் தமிழ் முத்திரை ஒட்டிக்கொண்டு நிற்பது உண்டு. அங்கேயே எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம் என்ற கட்டமும் இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிட வேண்டும். வேறெங்கிருந்தோ ஒட்டிய பத்தியோடு அது சேர்ந்து வந்துவிடும்.

உலாவியில் மின்னஞ்சல் எழுதுகிறவர்களுக்கு இரண்டு மெனு போட்டி போடும். ஒன்று உலாவியுடையது, மற்றது அந்த மின்னஞ்சல் தளமே வரைந்து காட்டுவது. தளத்தின் மெனு முந்திக்கொண்டால் உலாவியின் திருத்தச் சொற்கள் தெரியாது. ஃபயர்ஃபாக்ஸில் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் உலாவியின் மெனுதான் வரும். குரோமில் மேம்பட்ட பிழைதிருத்தம் என்று ஒன்றை இயக்கச் சொல்லும். அதை இயக்கினால் நீங்கள் தட்டும் எழுத்து கூகுளுக்குப் போகும் என்று அங்கேயே எழுதியிருக்கிறார்கள். குழுவின் கணக்கு வழக்கு எழுதுகிற கணினியில் நான் அதை இயக்க மாட்டேன், சாதாரணத் திருத்தமே போதும்.

கடைசியாக மகளின் உபுண்டு. மெனு மின்னி மறைகிறது, சில சமயம் தானாகவே எதையோ ஒட்டிவிடுகிறது என்றீர்கள். அது பேய் அல்ல. லினக்ஸில் ரைட் பொத்தானை அழுத்திய நொடியிலேயே மெனு திறந்துவிடும். அழுத்திய விரலை எடுக்கும்போது கை இம்மியளவு நகர்ந்து அம்பு மெனுவின் ஒரு வரிமேல் நின்றால், அந்த வரியைத் தேர்வு செய்துவிட்டதாக அது எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் விரலை எடுத்தபின்தான் மெனு திறக்கும், அதனால் அங்கே இது நடப்பதில்லை. தண்டர்பேர்டின் செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியின் அடியில் கான்ஃபிக் எடிட்டர் என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைத் திறந்து, தேடும் பெட்டியில் மவுஸ்அப் என்று ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் தட்டினால் கான்டெக்ஸ்ட் மெனுஸ் ஆஃப்டர் மவுஸ்அப் என்று ஒரு வரி வரும். ஃபால்ஸ் என்று இருப்பதை ட்ரூ ஆக்கிவிட்டுத் தண்டர்பேர்டை மூடித் திறக்கச் சொல்லுங்கள். அங்கே வேறு எதையும் மாற்ற வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். அப்படியும் மின்னி மறைந்தால் உபுண்டு எந்தப் பதிப்பு, டச்பேடிலா மவுஸிலா என்று எழுதுங்கள் ஐயா, பார்க்கலாம்.